கம்பி உருவிய பெல்ட்

அன்று காலை நான் என் மட்டையை சிமெண்ட் பெஞ்சின் மேல் வைக்கவில்லை. கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.

மற்ற நாட்களில் மைதானத்துக்கு வந்ததும் முதல் வேலை, மட்டையை பெஞ்சில் போட்டுவிட்டு ஷூ லேஸைக் கட்டுவதுதான். அஞ்சலையும் அப்படித்தான். அவள் மட்டை பெஞ்சில் விழுந்ததும் ‘டொக்’ என்று சத்தம் கேட்டது. வேப்பமரத்தடியில் படுத்திருந்த நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. நான் ஒரு கையில் மட்டையோடு, மறு கையால் லேஸைக் கட்டத் தெரியாமல், காலைத் தூக்கி பெஞ்சின் மேல் வைத்துத் தடுமாறிக்கொண்டிருந்தேன்.

“இன்னாடி இது, மட்டைய வச்சிட்டுக் கட்டேன்” என்றாள் அஞ்சலை.

“பெஞ்சு ஈரமா இருக்கு” என்றேன்.

பெஞ்ச் காய்ந்து கிடந்தது. அவள் பெஞ்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். குனிந்து என் லேஸைக் கட்டிவிட்டாள்.

மட்டையை நான் ஏன் கீழே வைக்கவில்லை என்பதைச் சொல்வதற்குத்தான் இந்த வாரத்து அத்தியாயம். சுற்றி வளைத்துத்தான் வருவேன். நேரே சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

அஞ்சலை இந்தத் தொடரை விடாமல் படிக்கிறாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பண்ருட்டி பஸ் ஸ்டாண்ட் கடைக்கு இதழ் வருகிற அன்றைக்கு சாயங்காலமே எனக்குப் போன் வரும். பாராட்டெல்லாம் கிடையாது, திருத்தம்தான். மண்மேட்டில் நாங்கள் கன்று நட்ட கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன் அல்லவா? “நீ எழுதின மாதிரி புங்கன் இல்லடி அது, சவுக்கு” என்றாள். அது சவுக்குதான். கூடவே, “பூப்பந்து ஆடுனத எப்ப எழுதப்போற?” என்றும் கேட்டாள். அவள் கேட்டதால்தான் எழுதுகிறேன்.

ஒரே ஓர் இடம்

புயலில் இந்தப் பக்கத்து முந்திரித் தோப்பெல்லாம் சாய்ந்துபோன அடுத்த வருஷமோ, அதற்கடுத்த வருஷமோ. எனக்கும் அஞ்சலைக்கும் இருபத்து நான்கு, இருபத்தைந்து வயது. இருவரும் நெய்வேலி டவுன்ஷிப்பின் நாற்றுப் பண்ணையில் காண்ட்ராக்ட் வேலை பார்த்தோம். சுரங்கம் தோண்டிக் கொட்டிய மண்மேட்டில் மரம் வளர்ப்பதற்குக் கன்று தயார் செய்கிற பண்ணை அது. கறுப்பு பாலித்தீன் பையில் மண்ணும் எருவும் நிரப்பி, விதை ஊன்றி, பூவாளியால் தண்ணீர் ஊற்றுவது எங்கள் வேலை.

நான் மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டுப் பெண். அஞ்சலை முத்தாண்டிக்குப்பம். முழுப்பெயர் அஞ்சலாட்சி. அப்படிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று போய்க்கொண்டே இருப்பாள்.

கல்லூரியில் இருவரும் ஒரே பூப்பந்து அணி. இறகுப்பந்து என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பூப்பந்து என்பது மஞ்சள் கம்பளி நூல் சுற்றிய பந்து. பக்கத்துக்கு ஐந்து பேர், திறந்த வெளியில் ஆடுவது. முன்னால் இரண்டு பேர், நடுவில் ஒருத்தி, பின்னால் இரண்டு பேர். நாங்கள் இருவரும் பின்வரிசை. எதிராளி தூக்கி அடிக்கிற பந்தை எல்லைக்கோட்டின் அருகே நின்று எடுத்து, மறுபக்கத்து எல்லைக்கோட்டுக்குள் விழும்படி நீளமாகத் திருப்பி அடிப்பது பின்வரிசையின் வேலை. ஒரு முழம் நீளம் கூடினால் அவுட். குறைந்தால் எதிராளிக்கு விருந்து.

அந்த வருஷம்தான் சுரங்கக் கம்பெனியின் பெண்கள் அணிக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள் என்ற சேதி வந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில், பின்வரிசைக்கு ஓர் ஆள். ஒரே ஓர் ஆள். வேலை பெர்மனெண்ட்.

அந்தச் சொல்லின் எடை வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. பெர்மனெண்ட் என்றால் குவார்ட்டர்ஸ், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வாசலில் மாமரம். காண்ட்ராக்ட் என்றால் அதே கேட்டுக்குள் காலையில் போய் சாயங்காலம் வெளியே வந்துவிட வேண்டியது. என் அப்பா கடைசி வரை காண்ட்ராக்ட்டாகவே இருந்து காலமானார். அம்மா டவுன்ஷிப் வழியாகப் பஸ்ஸில் போகும்போது ஜன்னலோரம் உட்கார மாட்டாள். வரிசை வரிசையாக வீடுகளைப் பார்த்தால் வயிறு என்னமோ செய்கிறது என்பாள்.

அஞ்சலைக்கு அப்பா இல்லை. அவள் அம்மா பண்ருட்டிப் பக்கம் ஒரு கொட்டகையில் முந்திரிக்கொட்டை உடைத்தார். அந்த ஓட்டின் எண்ணெய் பட்டுப் பட்டு அவர் விரல் நுனிகள் கறுத்து உரிந்திருக்கும். லீவு நாட்களில் கூடப் போய் உடைத்ததில் அஞ்சலையின் விரல்களும் அப்படித்தான். கீழே இரண்டு தங்கைகள். அந்த இடம் அவளுக்கு எவ்வளவு வேண்டுமோ எனக்கும் அவ்வளவு வேண்டும். இதில் யாருக்கு அதிகம் என்று நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. “யாருக்குக் கெடைச்சாலும் சரி, மூணாவது ஆளுக்குப் போவக் கூடாது” என்று அஞ்சலை சொன்னாள். நானும் தலையாட்டினேன். தலையாட்டியபோது மனப்பூர்வமாகத்தான் ஆட்டினேன்.

லோடு

தேர்வுக்கு ஆறு வாரம் இருந்தது. எங்களுக்குப் பயிற்சியாளர் யாரும் இல்லை. ஆனால் நெய்வேலியில் ஆலோசனைக்குப் பஞ்சமில்லை.

இந்த ஊரில் எல்லாமே கனம். சுரங்கத்துக்குள் ஓர் இயந்திரம் நின்றால் அதன் நிழலில் ஒரு கல்யாணமே நடத்தலாம். டீக்கடையில் பேச்சு எதில் ஆரம்பித்தாலும் டன் கணக்கில்தான் முடியும். ஆகவே பலம் என்றால் என்ன என்பதில் இங்கே யாருக்கும் சந்தேகம் கிடையாது. லோடு ஏற்ற வேண்டும். இன்னும் ஏற்ற வேண்டும். ஏற்றியதை இறக்கினால் தன்னால் பறக்கும். பண்ணை மேஸ்திரி, பஸ் கண்டக்டர், எதிர்வீட்டு ரிட்டயர்டு ஆபரேட்டர் என்று யாரைக் கேட்டாலும் இதையே சொன்னார்கள்.

நாங்கள் ஏற்றினோம். முதலில் பந்தை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டு ஆடினோம். கம்பளி அல்லவா, நன்றாகக் குடித்துவிட்டு எலுமிச்சங்காய் மாதிரி கனத்தது. அடிக்கும்போதெல்லாம் முகத்தில் தண்ணீர் தெறித்தது. நாலே நாளில் மட்டையின் நரம்பு அறுந்ததுதான் மிச்சம்.

அடுத்து, பண்ணையிலிருந்த கிழிந்த பாலித்தீன் பைகளில் மண்ணை நிரப்பிக் கணுக்காலில் கட்டிக்கொண்டு ஓடினோம். மூன்றாவது சுற்றில் அஞ்சலையின் பை உடைந்து, மைதானத்தைச் சுற்றி எறும்பு வரிசை மாதிரி ஒரு கோடு விழுந்தது. வாக்கிங் வந்த அம்மா ஒருவர் நின்று, இதெல்லாம் எந்தக் கோயிலுக்கு வேண்டுதல் என்று விசாரித்துவிட்டுப் போனார்.

அண்ணன் செய்த கருவி

கடைசியில் உருப்படியாக ஒன்றைச் செய்து கொடுத்தவன் என் அண்ணன் குமார். அவனும் காண்ட்ராக்ட்தான். சுரங்கத்தில் பெல்ட்டுக்கு ஜாயிண்ட் போடும் கூட்டத்தில் ஒருவன்.

பெல்ட் என்றால் இடுப்பில் கட்டுவது அல்ல. நிலக்கரியையும் மண்ணையும் மைல் கணக்கில் சுமந்து ஓடுகிற ரப்பர் பட்டை. கட்டைவிரல் அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலான தடிமன். மேலும் கீழும் ரப்பர், நடுவில் வரிசையாக எஃகுக் கம்பிகள். அறுந்தால் இரண்டு முனையிலும் ரப்பரைச் சீவி எடுத்து, கம்பிகளை வெளியே கொண்டுவந்து, ஒன்றோடொன்று கோத்து அடுக்கி, புது ரப்பர் வைத்துச் சூடேற்றி ஒட்ட வேண்டும். கம்பிக்குக் காயம் படாமல் ரப்பரைச் சீவுவதில் அண்ணன் கெட்டிக்காரன்.

தேய்ந்துபோன பெல்ட்டை ஏலத்தில் எடுத்து மந்தாரக்குப்பத்தில் துண்டு போட்டு விற்பார்கள். எங்கள் ஊரில் அது இல்லாத வீடு கிடையாது. வாசலில் மிதியடி, மாட்டுக்கொட்டகையில் தரை, வண்டிக்கு மட்கார்டு, கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு முட்டு. சீர்வரிசையில் மட்டும்தான் வைப்பதில்லை.

அண்ணன் அதில் விரல் நீளத்துக்கு நாலு துண்டு அறுத்தான். ஒவ்வொன்றிலும் கம்பி உள்ளே இருந்தது. மட்டையின் கழுத்தில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று வைத்து, சைக்கிள் டியூப் நாடாவால் இறுக்கிக் கட்டினான். எனக்கு இரண்டு, அஞ்சலைக்கு இரண்டு. மட்டையின் எடை அப்படியே இரண்டு மடங்கு. நரம்புக்கு ஒன்றும் ஆகாது, பந்தையும் அடிக்கலாம். உண்மையிலேயே நல்ல கருவி.

“ஆட்டத்துக்குப் போற வரைக்கும் கழட்டக் கூடாது. கோர்ட்டுகிட்ட போயி அவுத்தீங்கன்னா மட்ட காத்து மாதிரி இருக்கும்” என்றான்.

முதல் வாரம் தோள்பட்டை கழன்றுவிடும் போல வலித்தது. சாப்பாட்டைக் கையால் அள்ள முடியாமல் ஸ்பூனால் சாப்பிட்டேன். மூன்றாவது வாரத்தில் வலி போயிற்று. நாலாவது வாரத்தில் பூவாளி இரண்டையும் ஒரே கையில் தூக்கிக்கொண்டு போனோம். அஞ்சலை என்னைவிட நன்றாக ஆடினாள் என்பதை இங்கே எழுதியாக வேண்டும். எப்போதுமே அவள்தான் ஒரு பிடி மேல். பந்து அவள் மட்டையில் பட்டுக் கிளம்பும்போதே அது எங்கே விழும் என்று தெரிந்துவிடும். கோட்டுக்கு உள்ளே, ஒரு சாண் தூரத்தில், சொல்லி வைத்த மாதிரி.

அந்த நாட்களில் எனக்கு அவள் மேல் பொறாமை இருந்ததா என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். இல்லை. பயம்தான் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை

தேர்வுக்குப் பத்துப் பதினோரு நாள் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை. அஞ்சலை ஊரில் ஏதோ காதுகுத்து என்று வரவில்லை. நான் மட்டும் போனேன். டியூப் நாடா அறுந்துபோனதால் பெல்ட் துண்டுகளை வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

மைதானத்தில் டவுன்ஷிப்பின் இரண்டு பிளாக்குகளைச் சேர்ந்த பெண்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி குறைகிறது என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். வெறும் மட்டை. அண்ணன் சொன்ன மாதிரியே காற்றாக இருந்தது. முதல் பந்தை அடித்தேன். எல்லைக்கோட்டைத் தாண்டி இரண்டு எட்டு தள்ளி விழுந்தது. இரண்டாவதும் அவுட். மூன்றாவது, வேலியைத் தாண்டி ரோட்டில் போய் விழுந்தது. பந்து வருவதற்கு முன்பே என் கை போய்விடுகிறது. அடக்கி அடித்தால் வலையில் மோதுகிறது. அரை மணி நேரம் என் பக்கத்துப் பெண்கள் என்னைப் பார்த்த பார்வையை இப்போதும் மறக்கவில்லை. மறுநாள் காலையிலும் வெறும் மட்டையால் வீட்டுச் சுவரில் அடித்துப் பார்த்தேன். கொஞ்சம் தேறியது. கைக்கு நிதானம் முழுதாகத் திரும்ப நாலைந்து நாள் பிடிக்கும் என்று புரிந்தது.

ஷிப்ட் முடிந்து வந்த அண்ணனிடம் சொன்னேன். அவனுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. லோடு ஏறின பெல்ட் நடுவில் ஒழுங்காக ஓடும். லோடை இறக்கிவிட்டால் அதே பெல்ட் பக்கவாட்டில் ஏறித் தடம் மாறும். காலி ஓட்டத்தில் அதைத் தனியாகச் சரிபார்த்து வைக்காவிட்டால் ஓரம் கிழிந்துவிடும் என்றான். தினமும் பார்க்கிற விஷயம் இதில் தோன்றாமல் போயிற்றே என்று தலையில் அடித்துக்கொண்டான். கடைசி வாரம் இருவரும் கனத்தைக் கழற்றிவிட்டு வெறும் மட்டையால்தான் ஆட வேண்டும் என்று முடிவாகச் சொன்னான்.

பிறகு கேட்டான். “அஞ்சலகிட்ட சொன்னியா?”

“சொல்றேன்” என்றேன்.

சொல்லவில்லை.

நாளை சொல்லலாம் என்று ஒருநாள் போயிற்று. இன்று சொன்னால் ஏன் நேற்றே சொல்லவில்லை என்று கேட்பாளே என்று இன்னொரு நாள் போயிற்று. இதெல்லாம் அப்போது நானே எனக்குச் சொல்லிக்கொண்டது. உண்மை என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை அந்த மூன்றாவது பந்து ரோட்டில் விழுந்தபோதே எனக்கு ஒரு வழி தெரிந்துவிட்டது.

ஆனால் பெல்ட் இல்லாமல் மைதானத்துக்குப் போனால் அஞ்சலை காரணம் கேட்பாள். காரணம் தெரிந்தால் அவளும் கழற்றிவிடுவாள். அதனால் அண்ணன் வேலைக்குப் போயிருந்தபோது, அவனுடைய கத்தியையும் குறடையும் எடுத்து, என் துண்டுகள் இரண்டிலும் இருந்த கம்பிகளை உருவினேன். ரப்பர் லேசில் விடவில்லை. உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. கம்பி போன துளைகளைச் சுற்றி உள்ளே முடிந்த மட்டும் குடைந்து, பஞ்சை அடைத்து, வாயைக் கறுப்பு ரப்பர் பசையால் மூடினேன். வெளியிலிருந்து பார்த்தால் அதே பெல்ட். தூக்கினால் ஒன்றுமில்லை.

உருவிய கம்பிகளைக் குப்பையில் போடத் தோன்றவில்லை. முருங்கை மரத்தடியில் மண்ணுக்குள் செருகி வைத்தேன். யார் தேடப் போகிறார்கள் அவற்றை?

பெஞ்சுக்குத் திரும்புகிறேன்

இப்போது அந்தக் காலைக்கு வரலாம். கம்பி உருவிய பெல்ட்டோடு மைதானத்துக்குப் போன முதல் நாள் அது. பெஞ்சில் வைத்தால் ‘டொக்’ என்ற சத்தம் வராது. அதனால்தான் கையிலேயே வைத்திருந்தேன்.

அந்த வாரம் முழுக்க அப்படியே சமாளித்தேன். ஒரே ஒரு நாள் மறந்துபோய் மட்டையை பெஞ்சில் போட்டுவிட்டேன். சத்தமே இல்லை. நாய்கூடத் திரும்பவில்லை. அஞ்சலை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். பாட்டிலை வாயிலிருந்து எடுத்து, மட்டையை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மூடியைத் திருகி, “வா, ஆரம்பிக்கலாம்” என்று எழுந்து போனாள். அவள் கவனிக்கவில்லை என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

அந்த வாரத்தில் இன்னும் இரண்டு விஷயங்கள் நினைவில் இருக்கின்றன. ஒன்று, அவள் எனக்கு மெதுவாகவே பந்து போட்டாள். என் வலது கைக்கு எட்டுகிற இடத்தில், வாகாக. களைத்துவிட்டாள் என்று நினைத்தேன். உள்ளூர சந்தோஷப்பட்டேன் என்றும் எழுதிவிடுகிறேன். இன்னொன்று, பண்ணையில் என் பங்குப் பூவாளிகளையும் அவளே தூக்கினாள். “நீ பைக்கு மண்ணு போடு, தண்ணிய நா பாத்துக்கறேன்” என்றாள். பைக்கு மண் போடுவது நிழலில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. நான் மறுக்கவில்லை.

தேர்வு நாள்

தேர்வு காலை வேளையில் நடந்தது. கோர்ட்டில் புதிதாகச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். வந்திருந்த பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர். எங்களை எதிரெதிர் அணியில் பின்வரிசையில் நிறுத்தினார்கள்.

அஞ்சலை கோர்ட் ஓரத்தில் நின்று, அண்ணன் சொல்லிக் கொடுத்த மாதிரியே, டியூப் நாடாவை அவிழ்த்து பெல்ட் துண்டுகளைக் கழற்றினாள். வெறும் மட்டையை இரண்டு தரம் வீசிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. என்னைப் பார்த்து, “காத்து மாதிரி இருக்குடி” என்றாள். நானும் என்னுடையதைக் கழற்றினேன், கனமானதைக் கழற்றுவது போலவே.

அந்த நொடியிலும் சொல்லியிருக்கலாம். அப்போது சொல்லியும் பிரயோஜனம் இல்லைதான். ஆனால் இருபது சுவரடி அடிக்கவாவது அவளுக்கு நேரம் இருந்தது.

அவள் அடித்த முதல் பந்து கோட்டைத் தாண்டியது. அடுத்ததும் தாண்டியது. அதற்கடுத்தது வலையில். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. மட்டையின் நரம்பைத் தடவிப் பார்த்தாள். பிடியை மாற்றினாள். உள்ளங்கையை மண்ணில் தேய்த்துக்கொண்டாள். வழக்கமாகக் கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே விழுகிற பந்து, ஒவ்வொன்றும் வெளியே போய் விழுந்தது. ‘அவுட்’ என்று நடுவர் சொல்லச் சொல்ல, அவள் ஒவ்வொரு தடவையும் பந்து விழுந்த இடத்தையே பார்த்தாள், அந்த இடத்தில் ஏதாவது கோளாறு இருக்கிறதா என்பது போல.

என் பந்துகள் எல்லாம் உள்ளே விழுந்தன. பிரமாதமாக எதுவும் ஆடவில்லை. உள்ளே விழுந்தன, அவ்வளவுதான். தேர்வாளர்களுக்கு அது போதுமானதாக இருந்தது.

மூன்றாவது ஆட்டத்தில் அஞ்சலைக்குக் கை கொஞ்சம் நிதானத்துக்கு வந்தது. அடுத்தடுத்து நாலைந்து பந்து, பழைய அஞ்சலையாக அடித்தாள். அதற்குள் தேர்வாளர்கள் பேப்பரை மூடிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். டீ முடிந்ததும் என் பெயரைப் படித்தார்கள்.

பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலோரம் என்னை உட்கார வைத்தாள். “மூணாவது ஆளுக்குப் போவல பாரு” என்றாள். பிறகு முத்தாண்டிக்குப்பம் பஸ்ஸுக்கு மாறிப் போனாள். நான் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்தான். அஞ்சலை எப்படி ஆடினாள் என்று கேட்டான். “சரியா ஆடல” என்றேன். “ஏன்?” என்று அவன் கேட்கவில்லை.

கிரைண்டரின் கால்

வேலை கிடைத்தது. குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அம்மா வாசலில் மாமரம் இருக்கிற வீட்டில் ஆறு வருஷம் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தாள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் நிறைவாகத்தான் இருக்கிறது. குற்ற உணர்ச்சியில் அந்த நிறைவு கரைந்துபோனது என்று எழுதினால் வாசகர்களுக்குப் பிடிக்கும். ஆனால் அது பொய்.

அஞ்சலை இன்னும் இரண்டு வருஷம் பண்ணையில் காண்ட்ராக்ட்டாக இருந்தாள். கல்யாணமாகிப் பண்ருட்டிப் பக்கம் போனாள். இப்போது சொந்தமாகப் பலா, முந்திரி ஒட்டுக்கன்று போட்டு விற்கிறாள். என்னால் அவள் வாழ்க்கை பாழாகிவிட்டது என்று சொல்வதற்கில்லை. அவளுடைய வாழ்க்கையை அவளே நடத்திக்கொண்டாள். ஆனால் அவளுடைய அம்மா இன்னும் ஐந்து வருஷம் முந்திரி உடைத்தார். மூச்சுக் கோளாறு வந்தபோது, என் அம்மா போன ஆஸ்பத்திரிக்கு அவரால் வர முடியவில்லை.

போன பொங்கலுக்கு முன்னால் அஞ்சலை என் வீட்டுக்கு வந்தாள். இரண்டு ஒட்டுக்கன்றைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். சமையலறையில் கிரைண்டரை நகர்த்த வேண்டியிருந்தது. இருவருமாகத் தூக்கினோம். ஆட்டம் கொடுக்காமல் இருக்க அதன் காலுக்கு அடியில் நான் வைத்திருந்தது அந்தப் பெல்ட் துண்டு. இத்தனை வருஷத்தில் அது என்ன என்பதே எனக்கு மறந்துவிட்டிருந்தது. எங்கள் ஊரில் பெல்ட் துண்டை யார் உற்றுப் பார்க்கிறார்கள்?

அஞ்சலை குனிந்து எடுத்தாள். உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தாள். காய்ந்த பசை உதிர்ந்து, துளையிலிருந்து பஞ்சு எட்டிப் பார்த்தது.

“என்னோடது இன்னும் இருக்குடி” என்றாள். “கன்னு மேல தார்ப்பாய் போட்டா பறக்காம இருக்க, அதத்தான் வெப்பேன். இன்னா கனம் அது.”

நான் கிரைண்டரை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“நீ கம்பிய எடுத்துட்ட இல்ல? அப்பவே தெரியும். பெஞ்சு மேல வச்சப்போ சத்தம் வரல.”

“அஞ்சலை...”

“கையில வலி வந்திருக்கு ஒனக்கு. எனக்குத் தெரிஞ்சா நானும் பயந்துக்குவேன்னு சொல்லாம, சும்மா ரப்பரக் கட்டிக்கினு வந்து நின்ன. ஒரு லேஸ் கட்ட முடியல ஒன்னால. எனக்கு எவ்ளோ கஷ்டமா இருந்துச்சு தெரியுமா? அதான் மெதுவாப் போட்டேன் பந்து. அந்தக் கைய வச்சிக்கினு நீ எப்படித்தான் ஜெயிச்சியோ, போ.”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். துண்டை மறுபடி கிரைண்டர் காலுக்கு அடியில் செருகி, ஆட்டிப் பார்த்துவிட்டு, “இப்ப ஆடல” என்றாள்.

லேஸ், வாகான பந்து, பூவாளி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எனக்குப் புரிந்து முடிவதற்குள் அவள் கையைக் கழுவிவிட்டு வந்துவிட்டாள். இப்போது கை எப்படி இருக்கிறது, குளிர்காலத்தில் வலிக்கிறதா என்று கேட்டாள்.

“பரவால்ல” என்றேன்.

இரண்டாவது முறையும் நான் சொல்லவில்லை. டீ போட்டுக் கொடுத்தேன். பஸ் ஸ்டாண்ட் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தேன். அவள் கொண்டுவந்த கன்றுகள் இரண்டும் பிடித்துக்கொண்டன. ஒன்றில் புதுத் துளிர் விட்டிருக்கிறது.

இந்த இதழ் பண்ருட்டி கடைக்கு வழக்கம்போலப் போய்ச் சேரும். சாயங்காலத்துக்குள் அவள் படித்துவிடுவாள். ஏதாவது தப்பு இருந்தால் போன் செய்து திருத்துவாள். இந்த முறை ஒன்றை மட்டும் நானே திருத்திவிடுகிறேன்.

அன்றைக்கு என் கை வலிக்கவில்லை, அஞ்சலை.